மனக்காட்சியை ஆராய்வதும் ஒரு வேலையா? உப்புவெளித் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. உயர்தரம் படிக்கும் உங்கள் மகள் மனக்காட்சியை ஆராயும் உளவியல் விரிவுரையாளராக வர விரும்புகிறாள் என்று எழுதி, "டொக்டராக வராட்டியும் பரவாயில்லை, கண்ணை மூடினால் என்ன தெரியுது என்று ஆராயிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான். இதையே ஆராய்ந்து, இதையே கற்பிக்கும் உளவியல் விரிவுரையாளர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். பாதைதான் நீளம். அந்தப் பாதையில் மகளை மறிக்கக்கூடியது, அவளுக்கு மனக்காட்சி வராதே என்று நீங்கள் பயப்படும் விஷயம் இல்லை, புள்ளிவிபரவியல்.

முதலில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். கண்ணை மூடி, நம் திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியை நினையுங்கள். மர நிழலில் மான் நிற்கிறதா? உடம்பில் புள்ளி தெரிகிறதா? நிறத்தோடா, மங்கலாகவா? சிலருக்கு நேரில் பார்ப்பது போலவே தெரியும். சிலருக்கு அங்கே மான் நிற்கும் என்பது தெரியும், காட்சி மட்டும் வராது. மகள் இந்த இரண்டாவது வகை என்று எழுதியிருந்தீர்கள், இது நோயா என்றும் கேட்டிருந்தீர்கள். பிறந்ததில் இருந்தே அப்படியென்றால் நோய் இல்லை. 2015இல் இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்து நரம்பியல் பேராசிரியர் அடம் சீமனும் கூட்டாளிகளும் இதற்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார்கள். பிக்ஸார் கார்ட்டூன் பட நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த எட் கட்மல், தனக்கு மனக்கண்ணில் எதுவும் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். படம் காட்டும் தொழிலையே அவரால் நடத்த முடிந்தது. மகளும் தாராளமாகப் படிக்கலாம்.

இந்தக் கேள்வி பழையது. 1880இலேயே பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், காலைச் சாப்பாட்டு மேசையை மனதில் நினைத்துப் பார்த்து அது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று எழுதித் தரும்படி பலரிடம் கேட்டார். 1973இல் டேவிட் மார்க்ஸ் என்ற உளவியலாளர் 16 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டார். தெரிந்த ஒருவரின் முகம், உதிக்கும் சூரியன், அடிக்கடி போகும் கடை, மரமும் மலையும் ஏரியும் உள்ள இடம். ஒவ்வொன்றும் எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். இன்றைக்கும் அதைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள்.

சரி, ஒருவர் "தெளிவாகத் தெரியுது" என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிட்னியில் ஜோயல் பியர்சன் என்ற ஆய்வாளரின் ஆய்வுகூடத்தில், பிரகாசமான உருவத்தை நினைக்கச் சொல்லிவிட்டுக் கண்மணியை அளந்தார்கள். மனக்காட்சி வருபவர்களுக்கு, வெளிச்சத்தை நேரில் பார்த்தது போலக் கண்மணி சுருங்கியது. அஃபன்டேசியா உள்ளவர்களுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. ஒருவரின் மனதுக்குள் மட்டும் இருப்பதை வெளியில் நின்று அளக்கும் வழி தேடுவதுதான் இந்த வேலை. மகளுக்கு அந்த ஆர்வம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் பழகிக் கொள்ளலாம்.

இதனால் ஊருக்கு என்ன பயன் என்று உறவுக்காரர் கேட்பார்கள். 2004 சுனாமியை நேரில் கண்ட ஊர் நம்முடையது. வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளோடு வாழ்பவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு 2009இல் ஒரு சோதனை செய்தது. கொடூரக் காட்சிகள் உள்ள படத்தைப் பார்த்த சிறிது நேரத்தில் டெட்ரிஸ் என்ற, கட்டைகளை அடுக்கும் கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு, அந்தக் காட்சிகள் பின்னர் தாமாக வந்து போவது குறைந்திருந்தது. அந்தத் திசையில் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. நம் மக்களிடம், நம் மொழியில் இதைச் செய்ய ஆட்கள் வேண்டும். மகள் அவர்களில் ஒருவராக வந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனிப் பாதை. நம் உயர்தரத்தில் உளவியல் தனிப் பாடமாக இல்லை. மகள் கலைப்பிரிவில் அளவையியல் எடுத்திருப்பது நல்லது, ஆராய்ச்சிமுறை பற்றிய அடிப்படை அதிலேயே வருகிறது. பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் உளவியல் படிக்கலாம். சிறப்புப் பட்டத்தில் முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தால் விரிவுரையாளர் பதவியை நினைக்கலாம். அப்புறம் முதுமாணி, கலாநிதி. மனக்காட்சி ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பதால், கலாநிதிப் பட்டத்துக்குப் புலமைப்பரிசிலோடு வெளியே போக வேண்டிவரும். பட்டம் முடித்துப் பத்து வருடம் வரை கையில் நிரந்தர வேலை இல்லாமல் போகலாம். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டுவிட்டதை நினைத்துக் கலங்க வேண்டாம். ஆனால் பரீட்சை முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களில் மகள் இரண்டு விஷயம் செய்யட்டும்: அடிப்படைப் புள்ளிவிபரவியல், ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் பழக்கம். புள்ளிவிபரவியலில் மனம் ஒட்டவே இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். பாடசாலை ஆலோசனை ஆசிரியர், மனிதவளம், சமூக சேவை நிறுவனங்கள் என்று உளவியலுக்கு வேறு கதவுகளும் உண்டு. ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம், மருந்து எழுதும் மனநல மருத்துவர் ஆவதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும், அது வேறு பாதை.

பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துத் தெரிவு வரிசையைச் சேர்ந்தே எழுதுவோம். வரிசையில் முதலாவது எது என்பதை மகள் சொல்லட்டும்.