வேலை நாளின் இரவில் ஒரே தாச்சியில் இறால் சமைப்பது எப்படி?

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பிய பின் அரை மணித்தியாலத்துக்குள், ஒரே பாத்திரத்தில், நான்கு பேருக்கு இறால் வைத்து இரவுச் சாப்பாடு ஆக்க முடியுமா என்றும், அவசரமாகச் சமைக்கும்போது இறால் ஏன் சவ்வுபோல் இறுகிவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கல்லடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குப் போய்வரும் எனக்கு, வாரநாட்களில் கோழியையும் மீனையும் விட இறாலே பெரிதும் கைகொடுக்கிறது. சூடான தாச்சியில் இரண்டு மூன்று நிமிடங்களில் வெந்துவிடும் இறைச்சி வகை அதைத் தவிர வேறு அதிகம் இல்லை. அது இறுகிப்போவதற்கும் இந்த வேகமே காரணமாகிறது. மற்ற எல்லா வேலையையும் முடித்து, குழம்பு வற்றித் தயாரான பிறகு இறாலைச் சேர்ப்பவருக்கு இந்தத் தொல்லை வராது. வெங்காயத்தோடும் தூளோடும் முதலிலேயே கொட்டிப் பிரட்டுபவருக்குக் கட்டாயம் வரும்.

இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் கடிகாரத்தைப் பார்க்காமலே சமைக்கலாம். இறாலின் தசைப் புரதங்கள் ஏறத்தாழ 50 பாகை செல்சியசிலேயே உருமாறத் தொடங்கிவிடுகின்றன. சூடு 70 பாகையைத் தாண்டும்போது அவை இறுகச் சுருங்கி, தம்மிடம் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. ஆட்டிறைச்சி கடினமாக இருந்தால் இன்னும் ஒரு மணித்தியாலம் வேகவிட்டு மெதுவாக்கலாம், ஏனென்றால் அதில் உள்ள இணைப்புத் திசு நெடுநேரச் சூட்டில் கரைந்து கொழகொழப்பாக மாறும். இறாலில் அந்தத் திசு மிகக் குறைவு. எனவே ஒருமுறை இறுகிய இறாலை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் திருத்த முடியாது.

வாங்குவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் சமையல் நேரம் இறாலின் பருமனைப் பொறுத்தது. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாக வாவிக்குள் வந்து, சேற்றடியிலும் புற்களுக்குள்ளும் வளர்ந்து, முதிரும் பருவத்தில் மீண்டும் கடலுக்குப் போகின்றன. ஆகவே நமது வாவியில் பிடிபடுபவை பெரும்பாலும் இளம் இறால்கள். அவற்றின் கோது மெல்லியது, சதை இனிப்பானது, சுண்டுவிரல் அளவே இருக்கும். அவற்றுக்கு மொத்தம் இரண்டு நிமிடச் சூடு போதும். கடலில் பிடித்த நடுத்தர இறாலுக்கு மூன்று நிமிடமும், கறுப்பு இறால் போன்ற பெரியவற்றுக்கு நான்கைந்து நிமிடமும் தேவைப்படும். இரண்டையும் கலந்து வாங்கினால் சிறியது இறுகிய பின்னரே பெரியது வேகும். ஒரே அளவாகப் பொறுக்கித் தரும்படி கேட்டு வாங்குங்கள். வாவி இறால் இரவில் பிடிபட்டுக் காலையில் சந்தைக்கு வருவதால், நான் வேலைக்குக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவேன். வழமையாக இறால் விற்கும் ஐயா, "தலையப் புடிச்சு லேசா இழுத்துப் பாருங்க புள்ள, கழண்டு வந்தா வாங்க வேணாம்" என்று சொல்லித் தந்த சோதனை இன்றுவரை பொய்த்ததில்லை. தலைக்குள் இருக்கும் செரிமான உறுப்பின் நொதிகள் இறால் செத்த பிறகும் வேலை செய்து, தலையும் உடலும் சேரும் இடத்தையே முதலில் குழைத்துவிடுகின்றன. தலை தளர்ந்திருந்தால் இறால் பழசாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதே காரணத்தால், வீட்டுக்குக் கொண்டு வந்த உடனே தலையைப் பிரித்துவிடுவது நல்லது.

காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் மாலை வேலை பாதியாகக் குறையும். அரைக் கிலோ இறாலின் தலையையும் கோதையும் கழற்றி, முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்துவிடுங்கள். அந்தக் குடலால் உடம்புக்குக் கெடுதி எதுவும் இல்லை, ஆனால் சேற்றில் மேய்ந்த இறாலின் குடலில் மணல் இருக்கும். பல்லில் நறநறவென்று கடிபட்டால் முழுச் சாப்பாடும் கெட்டுவிடும். கழுவிய இறாலைத் தண்ணீர் வடியும்படி ஒரு வடிதட்டில் போட்டு, அடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். இறால் தண்ணீரில் ஊறிக் கிடக்கக் கூடாது. தலையையும் கோதையும் எறியாமல் வேறொரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள், அவற்றில்தான் ருசி முழுவதும் இருக்கிறது.

உறைய வைத்த இறாலாக இருந்தால் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடலாம். மறந்துபோனால், பொதியோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, தண்ணீரை ஒரு முறை மாற்றினால் அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும். சுடுதண்ணீர் ஊற்றினால் வெளிப்புறம் அப்போதே வெந்துவிடும், உட்புறம் பனிக்கட்டியாகவே கிடக்கும். நமது ஊர் வெக்கையில் வெளியே வைத்து இளக்குவது ஆபத்தானது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும்.

இனி மாலைச் சமையல். அகலமான தாச்சியாக எடுங்கள்; குழிந்த சிறிய தாச்சியில் இறால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, பொரிவதற்குப் பதிலாகத் தன் நீரிலேயே அவியும். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகத் தாச்சியை அடுப்பில் வைத்து, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, தலையையும் கோதையும் போட்டு அகப்பையால் நசுக்கி நசுக்கி வறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சாம்பல் நிறக் கோது செம்மஞ்சளாக மாறி, எண்ணெயும் அதே நிறத்தை ஏற்று, கடற்கரையில் சுட்ட நண்டின் வாசம் குசினி முழுவதும் பரவும். அந்த நிறத்துக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. உயிருள்ள இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது. சூட்டில் அந்தப் புரதம் சிதைந்ததும் நிறம் வெளிப்படுகிறது. அது எண்ணெயில் கரையும் நிறமி என்பதால்தான் முதலில் எண்ணெயில் வறுக்கச் சொல்கிறேன். நிறம் வந்ததும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, எட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். அதற்குள் உடை மாற்றலாம், பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்துக் கதை கேட்கலாம், வெங்காயமும் உரிக்கலாம். பிறகு சாற்றை வடித்துவிட்டுக் கோதை எறிந்துவிடுங்கள். ஒரு கோப்பை அளவு தேறினால் போதும்.

இறாலைச் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி ஈரத்தைத் துடைத்து, அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி தனி மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசறி வையுங்கள். ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் சேர்த்துக் கால் மணித்தியாலம் வைத்தால், புளிப்புக்கு எதிரான அதன் காரத்தன்மையால் (மிளகாயின் உறைப்பு அல்ல) சதை நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெந்த பின்னும் கடிக்கும்போது மொறுமொறுப்பாக இருக்கும். சிட்டிகைக்கு மேல் போனால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். தேசிக்காய்ப் புளியை இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள், புளிப்பும் சூட்டைப் போலவே புரதத்தை இறுகச் செய்யும்.

தாச்சியைத் துடைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகச் சூடாக்குங்கள். இறாலில் பாதியை மட்டும், ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, முதற்பக்கம் ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, திருப்பி அரை நிமிடத்தில் எடுத்துத் தட்டில் போடுங்கள். வாவி இறாலாக இருந்தால் இந்த நேரத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதியையும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டு தரமாகப் போடுவது நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். ஆனால் முழுவதையும் ஒன்றாகக் கொட்டினால் தாச்சியின் சூடு விழுந்து, இறால் விட்ட நீர் வற்றுவதற்கே ஐந்தாறு நிமிடம் பிடிக்கும், அதற்குள் அது இறுகியும் விடும். இந்தக் கட்டத்தில் இறால் முக்கால் பங்குதான் வெந்திருக்க வேண்டும். தடித்த நுனியில் ஒன்றை வெட்டிப் பார்த்தால் வெளிப்புறம் பால்வெள்ளையாகவும் நடுவில் மட்டும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதாகவும் இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, மேற்புறம் முந்திச் சிவந்துவிடும். வளைவைப் பாருங்கள்: அரைவட்டமாக வளைந்திருந்தால் பதம், வாலும் தலைப்பக்கமும் தொட்டு முழுவட்டமாகச் சுருண்டால் பதம் தாண்டிவிட்டது.

அதே எண்ணெயில் அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு துண்டு ரம்பை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, நசுக்கிய உள்ளி ஆறு பல்லு, வெட்டிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கீறிய பச்சைக் கொச்சிக்காய் மூன்று ஆகியவற்றை வதக்கி, பொன்னிறமானதும் இரண்டு தக்காளியை வெட்டிப் போடுங்கள். மாங்காய் காலத்தில் தக்காளிக்குப் பதிலாகப் புளி மாங்காய்த் துண்டுகளைப் போட்டால், என் நாக்குக்கு அதற்கு ஈடில்லை. தக்காளி கரைந்ததும் இரண்டு தேக்கரண்டி கறித்தூளைப் போட்டு, கருகவிடாமல் அரை நிமிடம் பிரட்டி, வடித்து வைத்த சாற்றை ஊற்றிப் பாதியாக வற்ற விடுங்கள். பிறகு நெருப்பைக் குறைத்து அரைக் கோப்பை கட்டித் தேங்காய்ப்பாலும், உருவிய முருங்கையிலை இரண்டு கைப்பிடியும் சேருங்கள். தேங்காய் துருவ நேரமில்லாத நாளில் தேங்காய்ப்பால் மாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. எதுவாக இருந்தாலும் பால் விட்ட பின் தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துபோகும்.

இந்த அளவில் நிறுத்தி இறாலைச் சேர்த்தால் பாணுக்கோ பிட்டுக்கோ நல்ல பாலாணம், அதாவது தேங்காய்ப்பால் குழம்பு, கிடைக்கும். ஒரே தாச்சியில் முழுச் சாப்பாடும் வேண்டும் என்பவர்கள், வரும் வழியில் கடையில் இருபது இடியப்பம் வாங்கி வாருங்கள். மாலையில் பல இடங்களில் பெண்கள் வீட்டிலேயே அவித்துக் கொடுக்கிறார்கள். என் தெரிவு சிவப்பரிசிமா இடியப்பம்தான். கொஞ்சம் ஆறி உலர்ந்திருந்தால் இன்னும் நல்லது, சூடாகவும் ஈரமாகவும் போட்டால் களியாகிவிடும். கையால் பெரிய துண்டுகளாகப் பிய்த்துத் தாச்சியில் போட்டு, அகப்பையால் அழுத்தாமல் அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். இடியப்பம் குழம்பை உறிஞ்சிச் செம்மஞ்சளாகி, தாச்சியின் அடி காயத் தொடங்கும்போது, தட்டில் வைத்த இறாலையும் அது விட்ட சாற்றையும் சேர்த்து, ஒரு நிமிடம் பிரட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள். அந்த ஒரு நிமிடமும் தாச்சியில் மிச்சமிருக்கும் சூடும் சேர்ந்து மீதிக் கால்வாசியை வேகவைத்துவிடும். பெரிய இறாலாக இருந்தால் ஒன்றை வெட்டி, நடுவும் வெண்மையாகிவிட்டதைப் பார்த்த பின்பே பரிமாறுங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பை அணைத்த பிறகுதான்.

விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் முன் இறால் ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒவ்வாமையை உண்டாக்கும் டிரோப்போமயோசின் என்ற புரதம் சூட்டுக்கு அழிவதில்லை. நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்று நம்மவர்கள் சொல்வது தவறு, கோது அவித்த சாறுகூட ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.

வீட்டில் ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் எட்டு மணிக்கும் வருபவர்களாக இருந்தால், எல்லாவற்றையும் ஒன்றாக முடித்து வைத்துப் பிந்தி வருபவருக்குச் சூடாக்கிக் கொடுக்காதீர்கள். இரண்டாம் முறை சூடேறும் இறால்தான் பெரும்பாலான வீடுகளில் இறுகிய இறால். பிந்தி வருபவரின் பங்கு இறாலைப் பொரிக்காமல் உப்புத் தூளோடு குளிர்சாதனப் பெட்டியிலேயே விட்டு, பால் சேர்க்கும் முன் குழம்பில் அவருக்கு உரிய அளவை எடுத்து வையுங்கள். அவர் வந்து குளித்துவிட்டு வரும்போது தாச்சியை மீண்டும் வைத்து, இறாலை இரண்டு பக்கமும் பொரித்து எடுத்து, குழம்பையும் பாலையும் இடியப்பத்தையும் அதே ஒழுங்கில் சேர்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.