கடைசிப் பெட்டிக்கும் ஒரு டாட்டா

அன்புள்ள சார்,

வணக்கம். கொருக்குப்பேட்டையில் ஏறி மீஞ்சூரில் இறங்குகிறேன். அங்கே ஒரு பள்ளியில் வேலை. ஆறு வருஷமாக அதே கும்மிடிப்பூண்டி வண்டி, அநேகமாக அதே ஜன்னல். திருவொற்றியூர் தாண்டியதும், தண்டவாளத்தை ஒட்டின ஒரு வீட்டு மாடிப்படியில் ஒரு பையன் நின்று தினமும் கை காட்டுவான். நாலு வயசு இருக்கும். நானும் காட்டுவேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "யாரும்மா, சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தெரியாத புள்ளைக்கு எதுக்கு கை காட்டிக்கினு வர்ற, வம்பு வந்துடப் போவுது" என்றார். மறுநாள் கை எழவில்லை. அவன் தூக்கின கையை இறக்காமல் எங்கள் பெட்டி போகிற பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து மனசு சரியில்லை. 36 வயசில் நான் செய்வது சின்னப்பிள்ளைத்தனமா? முன்பின் தெரியாதவருக்குக் கை காட்டுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதே ஆள் எதிரே நடந்து வந்தால் சிரிக்கக்கூட மாட்டோமே?

ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

சின்னப்பிள்ளைத்தனம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதிலேயே அவசரமானது அதுதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எதிரே நடந்து வருகிறவருக்கு நாம் கை காட்டுவதில்லை. ஓடுகிற வண்டிக்குத்தான் காட்டுகிறோம், இல்லையென்றால் வண்டிக்குள்ளிருந்து தரையில் நிற்பவருக்கு. இரண்டு பேரில் ஒருவராவது கடந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணிக்கணக்கில் நிற்கும். டிரைவர் இறங்கி, டயர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டி ஓடுகிற பிள்ளைகள் யாரும் அவருக்குக் கை காட்டுவதில்லை. வரிசை நகர்ந்து, லாரி கொஞ்சம் வேகம் பிடித்ததும் அதே பிள்ளைகள் சாலையோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டுவார்கள். டிரைவரும் ஹாரன் அடிப்பார். அரை மணி நேரமாக அங்கேயே இருந்த அதே மனிதர்தான்.

ஏன் அப்படி? நிற்கிறவரிடம் ஒரு தரம் சிரித்துவிட்டால் அடுத்து பேச வேண்டும். பேசினால் நாளைக்கும் பேச வேண்டும். ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் இதைப் பற்றி எழுதினார். அவருடைய மாணவர்கள் ஒரு ரயில் நிலையத்தில் காலையில் வண்டிக்கு நிற்பவர்களைப் படம் எடுத்து, பிறகு அந்தப் படத்தை அவர்களிடமே காட்டி, இதில் யார் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். முகம் தெரியும், ஆனால் ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்று ஒவ்வொருவரும் சராசரியாக நான்கு பேரைக் காட்டினார்கள். வருஷக்கணக்கில் ஒரே பிளாட்பாரத்தில் நின்றவர்கள். அதே ஆட்களை ஊரை விட்டு வெகுதூரத்தில் பார்த்தால் ஓடிப்போய்ப் பேசிவிடுவோம் என்றும் அவர் சொன்னார். கொருக்குப்பேட்டை பிளாட்பாரத்தில் உங்களுக்கும் அப்படி நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கை காட்ட உங்களால் முடியாது. மாடிப்படியில் நிற்கிற பையனுக்கு முடியும். வண்டி போய்விடும், அதனால் அந்தக் கையாட்டலில் யாருக்கும் எந்தக் கடனும் கிடையாது.

ஆனால் இது பாதி பதில்தான். பயமில்லாததால் கை காட்ட முடிகிறது, சரி. காட்ட வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது?

நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லமாட்டோம். வாய் தவறிச் சொன்னாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பார்கள். போகிறவர் திரும்பி வர வேண்டும் என்பதை வாயால் சொல்ல வைத்துத்தான் அனுப்புவோம். ரயிலில் போகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? பெயர் தெரியாது, குரலும் எட்டாது. கைதான் எட்டும். டாட்டா என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லி ஆட்டுகிற கையில் இருப்பது நம்முடைய "போயிட்டு வா"தான் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது என் ஆயா. நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். ஆயா விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தெருத்தெருவாகப் போய் விற்கும். பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் கூடப் போவேன். பாதி நாள் கேட் போட்டிருப்பார்கள். சைக்கிள், மீன்பாடி வண்டி, தண்ணி லாரி எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். கூட்ஸ் வண்டி வந்தால் அவ்வளவுதான், ஆடி அசைந்துகொண்டு போகும். நான் பெட்டிகளை எண்ணுவேன், 50-ஐத் தாண்டும். ஆயா கூடையை இறக்காது, இறக்கினால் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். சும்மாட்டிலிருந்து மீன் தண்ணி வழிந்து காதோரம் இறங்கும். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இஞ்சின் போகும்போது நாங்கள் எல்லாப் பிள்ளைகளும் கத்திக் கை ஆட்டுவோம். ஆயா ஆட்டாது. கடைசியில், வண்டிக்குப் பொறுப்பான ரயில்வே ஊழியரான கார்டு இருக்கிற பெட்டி வரும், சின்னதாக, பின்பக்கம் திறந்த வராந்தாவோடு. அதில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் ஆயா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கும். நான் ஒரு நாள் கேட்டேன், ஏன் இவருக்கு மட்டும் என்று. "இஞ்சின்ல ரெண்டு பேர் இருக்கான், பேசிக்கினு போவான். இவன் பாவம், ஒண்டியாப் போறான்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. அன்றிலிருந்து நானும் கடைசிப் பெட்டிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பின்னாளில் ரயில்வேயில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் அந்தத் தனிமை எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. கூட்ஸ் வண்டியின் அந்தப் பெட்டிகளில் ரொம்பக் காலம் மின்விசிறி கிடையாது, கழிப்பறை கிடையாது. பயணிகள் வண்டிக்கு வழி விட்டு, எங்கோ ஒரு பொட்டலில் நேரம் தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். கார்டு என்ற பதவிப் பெயரை 2022-ல் ட்ரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் கடைசிப் பெட்டியில் இருப்பவர் அவர்தான்.

இன்னொன்றும் அந்த நண்பர் சொன்னார். வண்டி நிற்காமல் கடக்கிற நிலையத்திலும் கேட்டிலும் ஊழியர்கள் பச்சைக் கொடியோடு நிற்பது வெறும் சடங்கு இல்லை. ஓடுகிற வண்டியைத் தலையிலிருந்து வால் வரை பார்க்க வேண்டும். சக்கரத்தில் புகை வருகிறதா, கதவு தொங்குகிறதா, எதாவது இழுபடுகிறதா என்று. ஒன்றும் இல்லையென்றால் கொடி காட்டுவார்கள், கார்டும் பதிலுக்குக் காட்டுவார். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஆல்ரைட்'. கடைசிப் பெட்டியில் ஓர் அடையாளம் இருக்கும், பயணிகள் வண்டி என்றால் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி) என்று எழுதின பலகை. அது கண்ணில் பட்டால்தான் வண்டி நடுவில் அறுந்து போகாமல் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரவில் கொடிக்குப் பதில் பச்சை விளக்கு. யாரோ ஒருவர் இருட்டில் நின்று, தன்னைக் கடந்து போகிற முகம் தெரியாத ஒருவருக்கு, உன் வண்டி நல்லபடியாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கிறார். அவரும் பார்த்தேன் என்று காட்டிவிட்டுப் போகிறார்.

பழைய சிக்னல் கம்பத்தை நம் ஆட்கள் 'கைகாட்டி' என்றுதான் சொன்னார்கள். மேலே ஒரு பலகைக் கை. அது இறங்கினால் வண்டி வரலாம். "கைகாட்டி எறங்கிடுச்சு, வண்டி வருது" என்று ஆயா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இரும்புக் கம்பத்துக்கு அந்தப் பெயர் வைத்தவர் யார் என்று தெரியாது, ஆனால் அவர் என் மனசுக்கு ரொம்ப வேண்டியவர்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனிப் பாத்தியதை இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஏறக்குறைய 170 வருஷமாக வடசென்னை மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேசின் பிரிட்ஜ் வந்ததும் வெளியூர் வண்டியில் இருப்பவர்கள் பெட்டியை இறக்க எழுந்துவிடுவார்கள், வெளியே பார்க்கமாட்டார்கள். பார்த்தாலும் கூவம், குப்பை, குடிசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வீடுகளின் வாசலில் நின்று ஒரு பிள்ளை கை தூக்கும்போது, நான் இங்கே இருக்கிறேன், நீ என்னைப் பார்த்தாயா என்று கேட்கிறது. இது எனக்கு மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம். அந்தக் கேள்விக்கு ஒரு கை பதிலாக வரத்தான் வேண்டும்.

சரி, உங்கள் பக்கத்து இருக்கை அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. வண்டி வாசலில் நிற்பவர் கையைக் கட்டையால் தட்டி போனைப் பறிக்கிறார்கள், ஓடுகிற வண்டி மேல் கல் எறிகிறார்கள். கண் போனவர்கள் உண்டு. அதனால் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டவே நீட்டாதீர்கள், போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உள்ளே இருந்து காட்டினாலே அவனுக்குத் தெரியும். ஆனால் கல் எறிகிறவனுக்காக மாடிப்படிப் பையனைத் தண்டிக்க வேண்டாம்.

2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது நானும் சந்தோஷமாக ஏறினேன். டோல்கேட் பக்கம் உயரத்தில் போகும்போது மொட்டை மாடியில் இரண்டு பெண் பிள்ளைகள் துணி காயப்போட்ட கொடிக்கு நடுவிலிருந்து கை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பகல் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. வண்டிக்குத்தான் ஆட்டியிருக்கிறார்கள், பதில் வந்தது தெரியாமலே. நல்ல வசதியான வண்டிதான், எனக்கும் முழங்கால் வலிக்கு அதுதான் ஒத்துவருகிறது. ஆனால் உங்கள் வண்டியில் ஜன்னல் திறந்திருக்கிறது. அது பெரிய விஷயம்.

கைக்குழந்தைகள் டாட்டா காட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பேச்சு வருவதற்கு முன்னாலேயே, ஒரு வயசுக்குள், அது வந்துவிடும். பல குழந்தைகள் முதலில் உள்ளங்கையைத் தன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆட்டும். நாம் ஆட்டும்போது நம் உள்ளங்கைதானே அதற்குத் தெரிகிறது? தான் கண்டதையே அப்படியே செய்கிறது. அப்புறம் கொஞ்ச நாளில், எதிரே இருப்பவர் கண்ணுக்கு எது தெரியும் என்று புரிந்து, கையைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் மாடிப்படிப் பையனும் அதையெல்லாம் கடந்துதான் அந்தப் படிக்கு வந்திருக்கிறான். அவனுக்கு உங்கள் பெட்டி தெரியும். நீங்கள் காட்டாத அன்று தலையைத் திருப்பித் தேடினான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாளைக் காலை அந்த அம்மா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, காட்டுங்கள். முடிந்தால் அவரையும் காட்டச் சொல்லுங்கள். பையன் நின்றிருந்தானா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.