நெற்றியில் எழுதிய பெயர்

வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு செக் நாட்டில் குத்னா ஹோரா பக்கம் இருக்கும் செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயத்துக்குப் போயிருந்தோம். என்னால் பத்து நிமிடம்கூட உள்ளே நிற்க முடியவில்லை. சரவிளக்கு முழுக்க மனித எலும்பு. நம் பக்கம் அஸ்தியைக்கூட வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். அங்கே மண்டையோடுகளை மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டு, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். என் ஒன்பது வயது மகள், "இவங்களுக்கெல்லாம் சொந்தக்காரங்களே இல்லையாப்பா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் எடுத்துப் புதைத்துவிடுவதுதானே மரியாதை?

க.

அன்புள்ள க.,

உங்கள் கேள்வியைவிட உங்கள் மகளின் கேள்வி பெரியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவர்கள் எல்லாருமே ஒருமுறை புதைக்கப்பட்டவர்கள்தான். 1278-இல் செட்லெட்ஸ் மடத்துத் தலைவர் எருசலேம் போய்வந்தபோது இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி மலையின் மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து அந்தக் கல்லறைத் தோட்டத்தில் தூவினார் என்று சொல்வார்கள். அதன்பிறகு அங்கே ஒரு குழி கிடைத்தால் போதும் என்று எங்கெங்கிருந்தோ ஆசைப்பட்டார்கள். அப்புறம் 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய், அடுத்த நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் போர்கள் என்ற மதப்போர்கள். பழைய எலும்பை எடுத்தால்தான் புதியவருக்கு இடம் என்றாகிவிட்டது. எடுத்ததைத் தூக்கி எறியவும் முடியாது, அது ஒருநாள் உயிர்த்தெழப்போகிற உடல் என்று நம்பியவர்கள் அவர்கள். அதனால்தான் அங்கேயே இருந்த ஆலயத்தின் கீழ்த்தளத்தில் அடுக்கினார்கள், மேலே பூசை, கீழே எலும்பு. இதில் அவமரியாதை எதையும் நான் பார்க்கவில்லை.

உங்களை உறுத்தியது 1870-இல் நடந்த வேலையாக இருக்கும். அந்த இடத்தை வைத்திருந்த ஷ்வார்ட்ஸென்பெர்க் பிரபுக் குடும்பம், ஃப்ரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பியிடம் எலும்புகளை ஒப்படைத்தது. சரவிளக்கைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அந்தக் குடும்பத்தின் குலச்சின்னத்தையும் எலும்பாலேயே செய்து வைத்திருக்கிறாரே, அதில் ஒரு காகம் துருக்கியன் தலையின் கண்ணைக் கொத்துகிறது, அதை ஏற்க முடியவில்லை. கல்வாரி மண்ணில் படுத்தால் போதும் என்று வந்த யாரோ ஒருவரின் எலும்பு, பல நூற்றாண்டு கழித்து ஒரு பிரபுவின் போர்ப்பெருமைக்கு உதவுகிறது. ரின்ட் தன் பெயரையும் எலும்பாலேயே சுவரில் எழுதியிருக்கிறார். அங்கே இருப்பது 40,000 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்பு என்கிறார்கள், அவர்களில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை.

இதே வேலையை வேறு மாதிரியும் செய்ய முடியும். ஆஸ்திரியாவில் ஏரிக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் ஹால்ஷ்டாட். கல்லறைக்கு இடமே கிடையாது, பத்துப் பதினைந்து வருடத்தில் குழியைத் திறந்துவிடுவார்கள். மண்டையோட்டைக் கழுவி, வெளுக்கும்வரை வெயிலிலும் நிலவிலும் வாரக்கணக்கில் வைத்து, அப்புறம் நெற்றியில் பெயரை எழுதுவார்கள். சுற்றிலும் ஓக் இலை, ஐவிக் கொடி, ரோஜா என்று வரைவார்கள். அந்த ஊர் எலும்பு மண்டபத்தில் இருக்கும் ஏறக்குறைய 1,200 மண்டையோடுகளில் 600-க்கும் மேல் இப்படித் தீட்டியவை, குடும்பம் குடும்பமாக வரிசையில் இருக்கின்றன. நான் அங்கே நின்றபோது ஒரு நெற்றியில் ரோஜாவின் சிவப்பு மங்கி, எலும்போடு எலும்பாக ஊறிப்போயிருந்தது. எழுத்து மட்டும் கறுப்பாக, பள்ளிக்கூடக் கையெழுத்து மாதிரி ஒழுங்காக இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. யாரோ ஒருவர் இந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

டிக்கெட் பற்றிச் சொன்னீர்கள். செட்லெட்ஸில் கூரை, சுவர் என்று பெரிய பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது, காசு வேண்டும், எனக்கு அதில் கோபமில்லை. மண்டையோட்டுக்குத் தொப்பியும் கறுப்புக்கண்ணாடியும் மாட்டி செல்ஃபி எடுத்தவர்கள் மேல்தான் கோபம். அவர்களால்தான் 2020 முதல் அங்கே முன் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. நல்ல முடிவு.

சரி, மகளுக்கு என்ன சொல்வது? சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவர்களும் அதே குவியலில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் ஹால்ஷ்டாட் பெண்மணி ஒருவரைப் பற்றியும் சொல்லுங்கள். பிணத்தை எரிக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் அனுமதித்த பிறகு அந்த ஊரில் தலை எழுதும் வழக்கம் மெல்ல நின்றுபோனது. ஆனால் 1983-இல் இறந்த அவர், தன்னையும் அங்கேதான் வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். 1995-இல் கொண்டுவந்து சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு தங்கப்பல் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும்.