பெனின் நகரம் மழையில் கரைந்ததா?

ஒப்படைப்புக்கு, இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரின் இடிபாட்டுப் படம் கிடைக்கவில்லை, "மண் கட்டடம், மழையில் கரைந்துவிட்டது" என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, அது பழியை மழைமேல் போடுவது. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனினைப் பிடித்து, அரண்மனையைக் கொள்ளையடித்தது, நகரம் எரிந்தது. மன்னர் ஓவொன்ராம்வெனைக் கலபார் நகருக்கு நாடுகடத்தினார்கள். கூரை போய், பூசிப் பராமரிக்க ஆளும் போனால் எந்த மண்சுவர் நிற்கும்? மாலியின் ஜென்னே மசூதியும் மண்தான். ஊரே கூடி ஆண்டுதோறும் பூசுவதால் நிற்கிறது.

படத்துக்கு டச்சு எழுத்தாளர் டாப்பரின் 1668 நூலில் உள்ள செதுக்கோவியத்தைப் போடலாம், ஆனால் அவர் ஆப்பிரிக்கா போனதே இல்லை. அதைவிட, அரண்மனை வாயிலையும் கூரைமேல் மலைப்பாம்பையும் காட்டும் பித்தளைத் தகடு நம்பகமானது. அது, கொள்ளைபோன பலவற்றைப் போல, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம், நகரைச் சுற்றிய மண்கரையும் அகழியும் அங்கங்கே இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் புகைப்படம் தேடிப் பாருங்கள்.