ஒகேனக்கல் வெயிலும் தளி பனியும்: படப்பிடிப்புக் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் கேமரா உதவியாளன். வெயில், மழை, பனி பற்றி மட்டும் பேசுகிறேன்.

அண்ணா, மே மாதம் ஒகேனக்கல் பாறையில் ஷூட். கேமரா தாங்குமா? (பென்னாகரம்)

பல கேமராக்களுக்கு 40 டிகிரிதான் எல்லை என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். நேர் வெயிலில் நிற்கும் கருப்பு பாடி அதைச் சீக்கிரம் தாண்டிவிடும். வெள்ளைக் குடை பிடியுங்கள், ஷாட்டுக்கு நடுவில் அணைத்து வையுங்கள், சுடும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

ஆனால் கேமரா நின்றுபோவதற்கு முன்பே மயங்கி விழப்போவது ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் பலகை) பிடிக்கும் பையன். நடிகர் நிழலுக்குப் போய்வருவார், அவன் வெயிலிலேயே நிற்பான். 11 மணி முதல் 3 மணி வரை வேலையை நிறுத்துங்கள். உச்சி வெயிலில் கண்குழியில் நிழல் விழும், முகமும் நன்றாக வராது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. யாராவது உடம்பு கொதிக்க உளறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

டிசம்பரில் தளியில் காலைப் பனி எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் மங்கிவிட்டது. (ஓசூர்)

வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிட்டது. வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அப்புறம் உள்ளே கொண்டுவாருங்கள். சூடு சமமான பிறகு திறங்கள். பனி வெயில் ஏறினால் போய்விடும், அதனால் வைட் ஷாட் முதலில். குளோசப்பைப் புகை போட்டுப் பிறகு எடுக்கலாம்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

என் துறை இல்லை. காவிரிக் கரைக் காட்டில் நிறையப் பகுதி வனவிலங்கு சரணாலயம், முதலில் வனத்துறையிடம் கேளுங்கள்.

மழைக் காட்சிக்கு டேங்கர் அவசியமா? நிஜ மழை கேமராவில் தெரியவே இல்லை. (கிருஷ்ணகிரி)

மழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். முன்னால் லைட் வைத்தால் எவ்வளவு கொட்டினாலும் தெரியாது. இரண்டாவது டேக்குக்கு வானம் காத்திருக்காது என்பதால்தான் டேங்கர்.

சார், ஃப்ளோரைடு தண்ணீரால் பல் கறைபட்ட ஊர் இது. இங்கே லாரித் தண்ணீரைத் தரையில் கொட்டுவது அநியாயம். (காரிமங்கலம்)

குடிநீரைக் கொட்டக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஃப்ரேமைக் குறுக்கினால் தோட்டத்துக் குழாய் ஒன்றே போதும், விழுகிற தண்ணீரைச் செடிக்குத் திருப்பலாம்.

அப்போ நிஜ மழையில் ஒரே டேக்கில் எடுங்கள்! (அவரே)

ஈரக் கேபிளை மிதித்து நிற்கும் லைட்மேனை நினைத்துச் சொல்லுங்கள். இடி கேட்டாலே ஜெனரேட்டரை அணைத்துவிட்டு எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். நிஜ மழைதான் வேண்டுமென்றால் காட்சியை மாற்றி எழுதுங்கள்: கேமராவும் ஆட்களும் வீட்டுக்குள், மழை வாசலுக்கு வெளியே. டேங்கரும் வேண்டாம், ஆபத்தும் இல்லை. உங்கள் கோபத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கேமரா சூடானால் என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஃபோன் சூடானால்?

அதே பதில்தான்.

ஆகஸ்ட்டில் பரிசல் காட்சி. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, பயமில்லையே? (தர்மபுரி)

இருக்கிறது. மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்தால் தண்ணீர் எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலு வழியாக இங்கேதான் வரும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். பிலிகுண்டுலு நீர்வரத்தைத் தினமும் பாருங்கள். பரிசலுக்குத் தடை போட்டால் அன்றைக்கு ஆற்றுக் காட்சி கிடையாது.

தடை இருந்தாலும் கரையோரமாகக் கொஞ்ச தூரம்?

கூடாது. பரிசல்காரர் சம்மதித்தாலும் கூடாது. வெள்ளத்தைக் கரை மேலிருந்து எடுங்கள். பரிசலில் பேசும் குளோசப்பை நீர்வரத்து குறைந்து தடை நீங்கிய மாதத்தில், லைஃப் ஜாக்கெட்டை நடிகரின் சட்டைக்குள் போட்டு எடுங்கள்.