ஐம்பது கிலோமீட்டர் என்றால், எந்த ஐம்பது?

வாசகி, குரோம்பேட்டை: எனக்கு 38 வயது. இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறேன். அடுத்து மலைப்பாதையில் 50 கி.மீ. அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) ஓட ஆசை. "மாரத்தானைவிட எட்டு கி.மீ.தானே அதிகம்" என்கிறார் கூட ஓடும் தோழி. எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம்? சென்னையில் இருந்துகொண்டு மலைக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: அந்த "எட்டு கி.மீ.தானே" கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். மலையில் தூரத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டியவர்கள்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பந்தய விவரத்தில் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று தேடுங்கள், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கி.மீ. என்று தூரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். டிரெயில் பந்தயங்களை, அதாவது மலை, காட்டுப் பாதை ஓட்டங்களைத் தரம் பிரிக்க உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு இதுதான். 500 மீட்டர் ஏறும் 50 கி.மீ. பந்தயம் 55 ஆகிறது, 2,500 மீட்டர் ஏறுவது 75 ஆகிறது. பதக்கத்தில் என்னவோ இரண்டுக்கும் ஒரே ஐம்பதுதான்! ஆல்ப்ஸில் ஷமோனியிலிருந்து கிளம்பும் புகழ்பெற்ற யு.டி.எம்.பி. மலை ஓட்டம் சுமார் 170 கி.மீ. தூரமும் 10,000 மீட்டர் ஏற்றமும் கொண்டது, அப்படியென்றால் 270.

அப்புறம் கட்-ஆஃப் நேரம், அதாவது அதற்குள் ஓடி முடித்தாக வேண்டிய கெடு. 50 கி.மீ.க்கு 12 மணி நேரம் கொடுத்தால் ஒரு கி.மீ.க்குப் பதினாலே கால் நிமிடத்துக்குச் சற்று மேல் வருகிறது, சமதரையில் அது சாதாரண நடைதான். தண்ணீருக்கு நிற்பதும் கல்லும் சேறும் இதற்குள் அடங்க வேண்டும். முதல் முறைக்கு 1,500 மீட்டருக்குள் ஏற்றமும் தாராளமான கட்-ஆஃபும் உள்ளதாகப் பாருங்கள். சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களில் நடக்கும் மல்நாடு அல்ட்ராவுக்குச் சென்னையிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். ஏற்றத்தோடு சேறு, அட்டைப்பூச்சி இரண்டுக்கும் தயாராகப் போங்கள். லடாக்கின் கர்துங்லா சேலஞ்ச் 72 கி.மீ., கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உடம்பு அந்த மெல்லிய காற்றுக்குப் பழகவே பல நாள் வேண்டும். அது முதல் பந்தயம் இல்லை.

பயிற்சிக்கு வருவோம். எல்லோரும் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆளைச் சாய்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, சமதரையில் எத்தனை ஓடினாலும் அந்தப் பழக்கம் வராது. என் முதல் அல்ட்ராவில் ஏறும்வரை நன்றாக இருந்தேன், 35-வது கி.மீ.யில் ஒரு நீண்ட இறக்கம் முடிந்தபோது தொடை இரண்டும் கட்டையாகிவிட்டன, மிச்சத்தை நடந்தே முடித்தேன். அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இறங்கிப் பழகுங்கள். பத்து மாடிக் கட்டிடம் என்றால் சுமார் 30 மீட்டர், இருபது முறை ஏறினால் 600 மீட்டர். இறங்கவும் படிதான், லிஃப்ட் வேண்டாம். ஐந்து முறையில் தொடங்கி வாராவாரம் கூட்டுங்கள். பரங்கிமலைப் படிகள் உங்களுக்குப் பக்கம்தானே. மாதம் ஒருமுறை ஏலகிரிக்குப் போய், அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் விடிகாலையில் வேகமாக நடந்து ஏறி, ஓடி இறங்குங்கள். ஏற்றத்தில் நடப்பது தோல்வி இல்லை, முன்னணி வீரர்களே செங்குத்தான இடத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஞாயிறு நீண்ட ஓட்டத்தைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளங்கள், ஐந்தாறு மணி நேரம்வரை கொண்டுபோனால் போதும். அந்த ஓட்டத்திலேயே சாப்பிட்டும் பழக வேண்டும்: வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போகாதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாசகர், கோவை: மலைப் பந்தயத்தில் ஓட விசில், மழைக்கோட்டு, அவசரப் போர்வை (உடல் சூட்டைக் காக்கும் மெல்லிய தாள்) எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். நம் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் ஒன்று நடந்தது. திடீரென்று ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் வந்தன, மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையுமாக ஓடியவர்கள் குளிரில் விறைத்து, 21 பேர் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி வீரர்களும் இருந்தார்கள். நனைந்த உடம்பில் காற்று அடித்தால் நம் மலைகளிலும் சூடு மளமளவென்று இறங்கும். சில நூறு கிராம்தான், சுமந்துவிடுங்கள்.

வாசகர், சேலம்: காட்டுப் பாதையில் நண்பர்களோடு ஓடிப் பழகலாமா?

பதில்: காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அனுமதி உள்ள பாதைகளுக்கு வனத்துறையின் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைப் பாருங்கள், மற்ற நாட்களில் ஏற்காடு மலைச் சாலையே போதும்.