பழைய காரைச் சீரமைக்கும்போது அசல் போல்ட், நட்டுகள் எங்கே கிடைக்கும்? கடையில் இருப்பதைப் போட்டால் ஆகாதா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. இதையே ஒரு பட்டறையில் என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள். "அண்ணாச்சி, போல்ட்டுன்னா போல்ட்டுதான? இறுகுனா போதும்லா?" போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

என்ன கார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்பாசடரோ பத்மினியோ என்று வைத்துக்கொள்கிறேன். நம் பக்கம் மாட்டுத் தொழுவத்தில் சாக்கு போர்த்திக் கிடப்பவை பெரும்பாலும் அவைதான். என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் செய்த வண்டி, 948 சிசி இன்ஜின், பாளையங்கோட்டைத் தெருக்களில் அப்பா ஓட்டியது. அம்பாசடர் மாதிரி ஒரே கூடாக வெல்டு செய்த உடம்பு இதற்குக் கிடையாது. அடியில் தனி சேஸிஸ், அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுக் கோத்திருப்பார்கள். கழற்றிக்கொண்டே போனால் கடைசியில் திண்ணை நிறையத் தகரம்தான் மிஞ்சும். அதனால் போல்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசல் போல்ட் எங்கே கிடைக்கும் என்றால், முதலில் உங்கள் காரிலேயே. கழற்றும் ஒவ்வொன்றையும் எங்கிருந்து வந்தது என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். உடைந்தது, வளைந்தது, தலை மழுங்கியது எதையும் எறியாதீர்கள். உடைந்த போல்ட்டிலும் மரை இருக்கும், தலையில் முத்திரை இருக்கும். கடைக்காரரிடம் காட்ட அதுதான் சாட்சி.

நான் பெயிண்டுக்கு விட்ட பட்டறையில் என்ன செய்தார்கள் தெரியுமா? கழற்றிய போல்ட் முழுவதையும் ஒரு பெயிண்ட் வாளியில் அள்ளிப்போட்டு, துருப்பிடித்த குப்பை என்று காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். பதிலுக்குப் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கேட்டால், "ஆயுசுக்கும் துரு பிடிக்காது, நீங்க சந்தோசப்படுவீங்கன்னுலா போட்டோம்" என்கிறார்கள். நான் காயலான் கடைக்கு ஓடி, அந்தக் குவியலில் உட்கார்ந்து, பாதிக்கு மேல் பொறுக்கிவிட்டேன். கடைக்கார பாய் டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பட்டறைக்காரர் பில்லில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குத் தனியாக ஒரு வரி போட்டிருந்தார்.

சரி, மரைக்கு வருவோம். ஹெரால்டில் பெரும்பாலும் யுஎன்எஃப் மரை. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து ஒப்புக்கொண்ட இஞ்ச் மரை அது. நம் ஹார்டுவேர் கடைகளில் இரண்டரை நூல் போல்ட் என்று சொல்வார்களே, அந்த 5/16 இஞ்ச் அளவில் யுஎன்எஃப் என்றால் இஞ்சுக்கு 24 மரை. இன்று கடையில் "அதே சைஸ்தான்" என்று எடுத்துத் தருவது 8 எம்எம், அதன் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 1.25 மில்லிமீட்டர். குறுக்களவில் வித்தியாசம் ஒரு மயிரிழைதான், 7.94 மில்லிமீட்டருக்கு 8. விரலால் ஒரு சுற்று போகும், அப்புறம் முட்டும். அங்கேதான் பையன் மரை வெட்டும் எட்டு எம்எம் டாப்பை எடுத்து உள்ளே ஓட்டுவான். என் வண்டியில் இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரத்தில் (தீச்சுவர் என்பார்கள்) வெல்டு வைத்துப் பற்றவைத்திருந்த நட்டுகளில் இப்படி ஓட்டியிருந்தார்கள். டாப் ஓட்டிய நட்டு செத்தது. போல்ட்டையாவது தேடிப் பிடிக்கலாம், பற்றவைத்த நட்டை எங்கே போய்த் தேடுவது?

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தவர் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பெரியவர். பாபநாசம் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போல்ட்டை நகத்தால் வருடிப் பார்த்தே பிட்ச் சொல்லிவிடுவார், அப்புறம்தான் கேஜ் வைத்துக் காட்டுவார். மில் காயலான் சரக்கில் கிடைக்கும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை போல்ட்டைக் காருக்குப் போடாதே என்று எச்சரித்தவரும் அவர்தான். 5/16-ல் விட்வொர்த்துக்கும், யுஎன்எஃப் குடும்பத்திலேயே அகலமான மரையான யுஎன்சிக்கும் இஞ்சுக்கு அதே 18 மரை, அழகாக ஏறும். ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, யுஎன்சி 60. பக்கங்கள் முழுதாக உட்காராது. "இறுகுன மாதிரி இருக்கும், ஆனா பிடிக்காது வே" என்றார். பட்டறைக்காரரின் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

இனி எங்கே வாங்குவது. யுஎன்எஃப் தேடி எல்லோரும் நேராகச் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குள் ஒருமுறை நுழையுங்கள். பழைய மாஸி பெர்குசன் டிராக்டரில் இந்த இஞ்ச் மரைதான், பழைய மகிந்திரா ஜீப்பிலும் அதேதான். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு யுஎன்எஃப் போல்ட் கிடைக்கவில்லை என்பவர்களை என்னால் நம்ப முடியவில்லை. கார் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டுக் கேட்டுச் சலித்த அளவுகள் எனக்கு டிராக்டர் கடையில், கிரீஸ் காகிதம்கூடப் பிரிக்காமல் கிடைத்தன.

அம்பாசடர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின் இஞ்ச் மரை, பின்னால் வந்த 1800 இசுசு இன்ஜின் எம்எம். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் ஒரே பானெட்டுக்குள் இரண்டு உலகம், கலந்துவிடாதீர்கள். பத்மினி ஃபியட் வம்சம், எல்லாம் எம்எம், உங்களுக்குக் கவலை குறைவு. ஆனாலும் 10 எம்எம் போல்ட்டில் பிட்ச் பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5, ஃபியட்டில் பல இடத்தில் 1.25.

ஸ்டெயின்லெஸ் பற்றி நான் ஏதோ பழமைவாதி மாதிரிப் பேசுகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள், நான் கேட்கவே மாட்டேன். சஸ்பென்ஷனில் வேண்டாம். 8.8 என்று தலையில் அடித்த சாதாரண ஸ்டீல் போல்ட் சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன் வரை நீண்டுவிடாமல் தாங்கும். கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450-லேயே விட்டுக்கொடுக்கும். போதாததற்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் இறுக்கும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிரேக் குழாய் நட்டு இன்னும் மோசம். இஞ்ச் வண்டியில் 3/8 யுஎன்எஃப், எம்எம் வண்டியில் 10 எம்எம், பிட்ச் 1. பிட்ச் கிட்டத்தட்ட ஒன்று. இஞ்ச் நட்டு எம்எம் ஓட்டைக்குள் லொடலொடவென்று ஏறிவிடும். பாபநாசம் மலை இறக்கத்தில் பெடலை மிதிக்கும்போது தெரியவரும். பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் அசல் மோகத்தை விட்டுவிட்டுத் தரம் அடித்த புது போல்ட்டே போடுங்கள். நைலான் வளைய நட்டையும் நட்டு கழலாமல் கோத்து வளைக்கும் ஸ்பிளிட் பின்னையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

மற்றதையெல்லாம் காப்பாற்றலாம். பழைய புளியைக் கரைத்து ஊற வைத்தாலே துரு இளகும், பிறகு துத்தநாக முலாம் போடக் கொடுத்துவிடலாம். முலாம் கொடுக்கும்போது 10.9-உம் அதற்கு மேலும் தரம் அடித்த கடின போல்ட்டைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். உடனே சூட்டில் வைத்து எடுக்காவிட்டால் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும். கருப்பாக்குகிறேன் என்று கேஸில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும் லேத் பட்டறைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். போல்ட்டின் பதமே போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டு வண்டியை நிறுத்தினால், சொந்தக்காரர் ஒருவர் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்பார். கொடுத்தேன். புதுப் பெயிண்ட் மேல் செல்லோ டேப் ஒட்டிச் சாமந்திச் சரம் கட்டி, டேப்பை உரிக்கும்போது பானெட்டில் பெயிண்டோடு உரித்துக் கொடுத்தார்கள். பெட்ரோலும் என் கணக்கு. "சும்மா நிக்க வண்டிதான மாமா" என்று ஒரு சமாதானம் வேறு. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது யார் கேட்டாலும் பேட்டரி இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கார் எது, எந்த வருடம் என்று எழுதுங்கள். ஹெரால்டு என்றால் இரண்டரை நூலில் என்னிடம் சிலது உபரியாக இருக்கிறது. விலைக்குத் தரமாட்டேன். கதவுக் கீல் போல்ட் தலை கெடாமல் இருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்.